வேபேக் மெஷின்: இணையப் பண்பாட்டை ஆராய்பவர் எவ்வளவு நம்பலாம்?

இணையத் தளங்கள் தம் பயனர்களின் பழக்கங்களை எப்படி உருவாக்கின என்று ஆராயப் புகுபவர் முதல் நாளிலேயே சான்றுக்கு அலைய வேண்டியிருக்கிறது. ஒரு தளம் 2009இல் எப்படி இருந்தது, எந்தப் பொத்தான் எந்த இடத்தில் நின்றது, எந்தச் சொல்லால் அது மக்களை எழுத அழைத்தது என்பவற்றையெல்லாம் அந்தத் தளமே பாதுகாத்து வைப்பதில்லை. புதிய வடிவம் வந்த அன்றே பழையது போய்விடுகிறது. பியூ ஆய்வு மையம் 2024 மே மாதம் வெளியிட்ட கணக்கின்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்து ஆண்டுகளுக்குப் பிறகு கிடைக்கவில்லை. இந்த இழப்பை ஈடுசெய்யப் பொதுமக்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய கருவி, சான் பிரான்சிஸ்கோவில் உள்ள இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம் நடத்தும் வேபேக் மெஷின். பொது நூலகச் சேவை என்ற முறையில் அதைப் பலரும் புகழ்ந்துவிட்டார்கள். இணையப் பண்பாட்டை ஆராயும் மாணவருக்கு அது தரும் சான்று எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதே இந்த மதிப்புரையின் கேள்வி.

ப்ரூஸ்டர் கேல் 1996இல் நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே வலைப்பக்கங்கள் சேமிக்கப்பட்டு வந்தாலும், அவற்றைப் பொதுமக்கள் பார்ப்பதற்கான வாயிலாக வேபேக் மெஷின் திறக்கப்பட்டது 2001 அக்டோபரில்தான். 2025 அக்டோபரில் அதன் சேமிப்பு ஒரு இலட்சம் கோடிப் பக்கங்களை எட்டியதாக நிறுவனம் அறிவித்தது. கட்டணம் இல்லை, பழைய பக்கங்களைப் பார்ப்பதற்குக் கணக்குத் தொடங்கவும் வேண்டியதில்லை. தளத்தின் முகவரியைத் தட்டச்சு செய்தால் ஆண்டுவாரியான பட்டை ஒன்றும் அதன் கீழ் நாட்காட்டியும் வருகின்றன. நாட்காட்டியில் நீல வட்டம் இருந்தால் அன்று பக்கம் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டது என்று பொருள். பச்சை என்றால் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டது. ஆரஞ்சு என்றால் பக்கம் கிடைக்கவில்லை அல்லது அனுமதி மறுக்கப்பட்டது. சிவப்பு என்றால் எதிர்முனைச் சர்வரில் கோளாறு. புதிதாக வருபவர்கள் நீலத்தை மட்டும் சொடுக்கிவிட்டு மற்றவற்றைத் தாண்டிப் போகிறார்கள். ஆய்வாளருக்கு அந்த மற்ற நிறங்களும் பயன்படும்: ஒரு தளம் எந்த மாதத்தில் நொடிக்கத் தொடங்கியது, எப்போது அதை வாங்கிய நிறுவனத்தின் முகவரிக்குத் திருப்பப்பட்டது என்பவற்றை, ஒரு வரிகூடப் படிப்பதற்கு முன்பே அவை காட்டிவிடும்.

சேமித்த ஒவ்வொரு பிரதியின் முகவரியிலும் 14 இலக்க எண் ஒன்று உண்டு. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்ற வரிசையில் அமைந்த அந்த எண் கிரீன்விச் நேரத்தைக் குறிப்பது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் மேற்கோள் காட்டினால் நள்ளிரவை ஒட்டிய நிகழ்வுகளில் ஒரு நாள் பிசகிவிடும். ஒரே பக்கத்தின் இரு பிரதிகளை அருகருகே வைத்து, சேர்க்கப்பட்ட சொற்களை நீலத்திலும் நீக்கப்பட்டவற்றை மஞ்சளிலும் காட்டும் 'மாற்றங்கள்' என்ற வசதி, எனக்குத் தெரிந்தவரை, இந்தச் சேவையின் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் சிறப்பு. நிறுவனங்கள் தம் பயன்பாட்டு விதிகளையும் தனியுரிமைக் கொள்கைகளையும் ஓசையின்றித் திருத்திக்கொள்ளும் வழக்கத்தை ஆராய்பவருக்கு இந்த ஒரு வசதியே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

ஒரு தளத்தின் வடிவம் அதன் பயனரை எப்படித் திருப்பியது என்பதைக் காட்டுவதில் வேபேக் மெஷினுக்கு நிகரான மூலம் இல்லை என்பதற்கு யூடியூப் நல்ல எடுத்துக்காட்டு. 2005 ஏப்ரல் மாதப் பிரதியைத் திறந்தால், இன்று உலகம் அறிந்த காணொளித் தளத்துக்குப் பதிலாக, 'நான் ஆண், பெண்ணைத் தேடுகிறேன்' என்ற வகையில் பாலினத்தையும் வயது வரம்பையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரு துணை தேடும் தளத்தின் முகப்பு தெரிகிறது. சில மாதங்கள் தள்ளிப் போனால் அந்தப் படிவம் மறைந்து, எந்தக் காணொளியையும் போட்டுவைக்கும் இடமாகத் தளம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. நிறுவனர்களின் பிற்கால நேர்காணல்களை வைத்து இந்த மாற்றத்தைச் சொல்வதற்கும், முகப்புப் பக்கத்தையே வைத்துச் சொல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை ஆய்வு செய்தவர்கள் அறிவார்கள். பின்னர் 2010இல் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டை நீக்கிவிட்டுக் கட்டைவிரல் பொத்தான்கள் வைக்கப்பட்டன. பெரும்பாலானோர் ஐந்து நட்சத்திரத்தையே கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நிறுவனமே அதற்கு முந்தைய ஆண்டில் வெளியிட்டிருந்தது. 2021 நவம்பரில் 'பிடிக்கவில்லை' எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்தார்கள். அதற்கு முன் சேமிக்கப்பட்ட காணொளிப் பக்கங்கள் பலவற்றில் அந்த எண் இன்னும் இருக்கிறது. ஒரு காணொளிக்கு எதிராக மக்கள் திரண்டு வந்து கட்டைவிரலைக் கவிழ்த்த நிகழ்வுகளைப் பற்றி எழுதுபவருக்கு இனி அந்தப் பழைய பிரதிகளே ஆதாரம்.

ட்விட்டரின் முகப்பும் இப்படித்தான். தொடக்க ஆண்டுகளில் அது பயனரிடம் கேட்டது, 'நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?' என்ற ஒரே கேள்வி. 2009 ஜூலையில் முகப்பின் வாசகம், உலகில் எங்கே என்ன நடக்கிறது என்று கண்டறியச் சொல்லும் அழைப்பாக மாறியது. அதே ஆண்டு நவம்பரில் எழுதும் பெட்டியின் மேலிருந்த கேள்வியும் 'என்ன நடக்கிறது?' என்று மாற்றப்பட்டது. சொந்த நாட்குறிப்பு எழுதவந்தவர்களைச் செய்தி சொல்பவர்களாக்கிய திருப்பம் அது. கேள்வியை மாற்றியதால் மக்கள் மாறினார்களா, மக்கள் ஏற்கெனவே மாறிவிட்டதைக் கண்டு நிறுவனம் கேள்வியை மாற்றியதா என்பதற்கு முகப்புப் பிரதிகள் மட்டும் விடை தராது. ஆனால் விவாதத்தைத் தேதியோடு தொடங்குவதற்கு அவை போதும். எழுதும் பெட்டி கணக்கு உள்ளவர்களுக்கு மட்டுமே தெரியும் என்பதால், நவம்பர் மாற்றத்தை வேபேக் மெஷினில் காண முடிவதைவிட ஜூலை மாற்றத்தைக் காண்பது எளிது. இந்தச் சிறு வேறுபாட்டில்தான் இந்தச் சேவையின் பெரிய குறை ஒளிந்திருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் பேசுகிறேன்.

ஜியோசிட்டீஸ் இல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. 1994இல் தொடங்கிய அந்தத் தளம், இலவசமாக வலைப்பக்கம் வைத்துக்கொள்ள வந்தவர்களைப் 'பேட்டைகளில்' குடியமர்த்தியது: திரைப்பட ஆர்வலருக்கு ஹாலிவுட், அறிவியல் புனைவுக்கு ஏரியா 51, கணினிக்குச் சிலிக்கான் வேலி, குழந்தைகளுக்கு என்சான்டட் ஃபாரஸ்ட். ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்தப் பேட்டையில் ஒரு கதவிலக்கம். அண்டை வீட்டுக்காரருக்கு வழிகாட்டுவதற்கென்று தன்னார்வலர்கள்கூட இருந்தார்கள். 1999இல் யாஹூ அதை வாங்கிய பிறகு புதியவர்களுக்குக் கதவிலக்கத்துக்குப் பதிலாகப் பயனர்பெயர் வழங்கப்பட்டது. பேட்டை உணர்வு தளர்ந்தது. 2009 அக்டோபரில் யாஹூ தளத்தையே மூடியபோது, இன்டர்நெட் ஆர்க்கைவும் ஜேசன் ஸ்காட் தொடங்கிய ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழுவும் முடிந்தவரை படியெடுத்தன. வாட்டர்லூ பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் இயன் மில்லிகன் போன்றோர் அந்தப் பிரதிகளை இலட்சக்கணக்கில் கணினியால் ஆராய்ந்து, இந்தப் பேட்டைகள் உண்மையிலேயே சமூகங்களாக இயங்கினவா என்று கேட்க முடிந்தது. சாதாரண மனிதர்கள், அதிலும் சிறுவர்கள், தம் கைப்பட எழுதியவற்றை இவ்வளவு பெருந்தொகையாக விட்டுச்சென்ற காலம் அதற்கு முன் இல்லை. அவர்களில் யாரும் வரலாற்றாசிரியர் படிப்பார் என்று எழுதவில்லை என்பதும் உண்மை. பதின்வயதில் எழுதிய பக்கத்தை மேற்கோள் காட்டும்போது பெயரை மறைப்பது நல்லது.

தமிழ் இணையத்தைத் தேடி வேபேக் மெஷினுக்குள் நுழைபவருக்கு வேறொரு அனுபவம் காத்திருக்கிறது. பக்கம் கிடைக்கும், படிக்க முடியாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோட் பரவுவதற்கு முன், 2000களின் முதற்பாதி வரை, தமிழ் இதழ்த் தளங்களில் பெரும்பாலானவை திஸ்கி, டாப், டாம் என்றும் தத்தமக்கே உரிய குறியேற்றங்கள் என்றும் ஆளுக்கொரு எழுத்துருவில் இயங்கின. வாசகர் எழுத்துருவைத் தனியே இறக்கி நிறுவ வேண்டும், அல்லது பக்கத்தோடு தானாக வந்திறங்கும் 'டைனமிக்' எழுத்துருவை நம்பியிருக்க வேண்டும். பக்கத்தைச் சேமித்த நிரல் எழுத்துருக் கோப்பையும் எடுத்ததா என்பது ஒவ்வொரு தளத்துக்கும் வேறுபடும்; எடுத்திருந்தாலும் அந்தப் பழைய வடிவங்களை இன்றைய உலாவிகள் ஏற்பதில்லை. ஆகவே திரையில் வருவது, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியல். அதை அப்படியே நகலெடுத்து, சுரதாவின் பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றியிலோ என்எச்எம் கன்வர்ட்டரிலோ இட்டு, சரியான குறியேற்றத்தை ஊகித்துத் தேர்ந்தெடுத்தால் இருபது ஆண்டுக்கு முந்தைய தலையங்கம் உயிர்த்தெழுகிறது. இந்த வித்தையை அறியாத இளம் ஆய்வாளர்கள், அந்தக் காலத் தமிழ்ப் பக்கங்கள் பழுதாகிவிட்டன என்று முடிவுகட்டித் திரும்பிவிடும் வாய்ப்பு அதிகம். பழுது ஏதுமில்லை, பூட்டுக்கு வேறு சாவி. வேபேக் மெஷினே இதற்கொரு மாற்றியைச் சேர்க்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை. அடோபி நிறுவனம் ஃபிளாஷை 2020 இறுதியில் கைவிட்டபோது, பழைய அசைபடங்களை இயக்குவதற்கு ரஃபிள் என்ற மாற்று நிரலை இன்டர்நெட் ஆர்க்கைவ் சேர்த்துக்கொண்டது. அசைபடத்துக்குச் செய்ததை எழுத்துக்குச் செய்ய முடியாதா?

யூனிகோட் வந்த பிறகான தமிழ்ப் பதிவுலகத்தில் படிக்கும் சிக்கல் தீர்ந்தது. பார்க்கும் சிக்கல் தொடங்கியது. பல வலைப்பதிவுகளின் இடுகைகளை ஓரிடத்தில் பட்டியலிட்டுக் காட்டிய, 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியை நினைத்துப் பார்க்கலாம். அதன் முகப்பில் புதிய இடுகைகளின் பட்டியலோடு, அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளின் பட்டியலும் இருந்தது. மறுமொழி வந்தால் இடுகை மீண்டும் முகப்புக்கு ஏறும் என்பதைக் கண்டுகொண்ட பதிவர்கள், நண்பர்கள் கூடி ஓர் இடுகையின் கீழ் அரட்டையடித்து அதை மேலேயே வைத்திருக்கும் 'கும்மி' என்ற கலையை வளர்த்தார்கள். ஒரு பட்டியலின் அமைப்பு எப்படி ஒரு மொழியின் எழுத்துப் பழக்கத்தையும் நகைச்சுவையையும் சண்டைகளையும் உருவாக்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான தமிழ்ச் சான்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் மாறிய அந்த முகப்பை, எப்போதாவது வந்துபோன நிரல் விட்டுவிட்டுத்தான் எடுத்திருக்கிறது. இடுகைகளும் மறுமொழிகளும் பல இடங்களில் கிடைக்கின்றன. அவற்றைத் தூண்டிய பட்டியலின் ஓட்டம் கிடைப்பதில்லை. கும்மியின் உள்ளடக்கம் இருக்கிறது, காரணம் இல்லை.

இது தமிழுக்கு மட்டுமான குறையல்ல. வேபேக் மெஷின் காட்டும் பக்கம் ஒரே நொடியில் எடுத்த ஒளிப்படம் போலத் தோன்றினாலும், உண்மையில் அது பல வேளைகளில் எடுத்த துண்டுகளை ஒட்டியது. எழுத்து ஒரு நாளையது. அதிலுள்ள படம் மூன்று மாதம் கழித்து எடுத்தது. அமைப்புக் கோப்பு வேறொரு ஆண்டைச் சேர்ந்தது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் நீல்ஸ் ப்ரூகர், சேமிக்கப்பட்ட வலைப்பக்கத்தைப் பழைய பக்கத்தின் நகலாகக் கருதக் கூடாது, மீண்டும் பிறந்த வேறொரு பொருளாகக் கருத வேண்டும் என்று நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். அமெரிக்காவின் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தினர் இன்னும் விந்தையான ஒன்றையும் காட்டியிருக்கிறார்கள்: பழைய பக்கத்திலுள்ள நிரல் துண்டு சில வேளை இன்றைய இணையத்தைத் தொடர்புகொண்டு, பல ஆண்டுகளுக்குப் பிந்தைய விளம்பரத்தைக் கொண்டுவந்து பழைய செய்திக்கு அருகே வைத்துவிடும். சிஎன்என் முகப்பு 2016 நவம்பர் 1 முதல் ஒழுங்காகத் திறக்கும் வகையில் சேமிக்கப்படவில்லை என்பதைக் கண்டறிந்து எழுதியவர்களும் அவர்களே. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு தளத்தின் உள்ளமைப்பில் செய்த ஒரு மாற்றம் அதற்குக் காரணம். 'இந்தப் பிரதியைப் பற்றி' என்ற பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு துண்டும் எப்போது எடுக்கப்பட்டது என்ற பட்டியல் வருகிறது. அதைப் பார்க்காமல் எந்த முகப்பையும் சான்றாக அச்சிடக் கூடாது.

இவற்றையெல்லாம் கவனத்தால் சரிக்கட்டலாம். கவனத்தால் சரிக்கட்ட முடியாதது, இணையத்தின் பெரும்பகுதி கதவுக்குப் பின்னால் சென்றுவிட்டது என்பது. கணக்கு வைத்து உள்ளே நுழைந்தால்தான் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எதையாவது முழுமையாகப் பார்க்க முடியும்; வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சேமிக்க வரும் நிரலுக்குக் கணக்கு இல்லை. கீழே இழுக்க இழுக்க வளர்ந்துகொண்டே போகும் ஓடையில் அதற்கு முதல் சில இடுகைகளே கிடைக்கும். டிக்டாக்கிலும் ரீல்ஸிலும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வரிசை உருவாக்கப்படுவதால், சேமிப்பதற்கு 'அந்தப் பக்கம்' என்று ஒன்றே இல்லை. வீட்டுக்குள் நடப்பதை அறிய விரும்பி, தெருவில் நின்று வாசல் கோலத்தை மட்டும் நாள்தோறும் படமெடுத்துக்கொண்டிருப்பவரின் நிலையில்தான் இந்தச் சேவை இன்று இருக்கிறது. 1996 முதல் ஏறத்தாழ 2010 வரையிலான திறந்த இணையத்துக்கு அது தரும் சான்றின் செறிவும் அதற்குப் பிந்தைய காலத்துக்குத் தரும் சான்றின் செறிவும் ஒன்றல்ல. பிரதிகளின் எண்ணிக்கை கூடியிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கதவுக்குள் இருப்பதை ஆராய நிறுவனங்களே திறந்துவைத்திருந்த வழிகளும் அடைபட்டுவிட்டதால், வேபேக் மெஷினின் பொறுப்பு கூடியிருக்கிறது. ட்விட்டர் 2021 ஜனவரியில் கல்வி ஆய்வாளருக்கென்று இலவசத் தரவு வாயிலைத் திறந்தது. உரிமையாளர் மாறியபின், 2023 பிப்ரவரியில் இலவச அணுக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. அதன்பின் பெருந்தரவுக்கான கட்டணம் மாதம் 42,000 டாலரிலிருந்து தொடங்குவதாகச் செய்திகள் வந்தன. எந்தப் பல்கலைக்கழகத் துறையும் அந்தத் தொகையைத் தராது. ஃபேஸ்புக்கில் எந்த இடுகை எவ்வளவு பரவுகிறது என்று பத்திரிகையாளர்கள் பார்த்துவந்த கிரவுட்டாங்கிள் கருவியை அதன் உரிமையாளரான மெட்டா 2024 ஆகஸ்ட் 14இல் மூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் தன் 40ஆம் பிரிவில் ஆய்வாளருக்குத் தரவு தரும்படி பெரிய தளங்களைப் பணிக்கிறது. ஆனால் அது கருதுவது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எழும் இடர்களை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து தமிழ் ஃபேஸ்புக்கை ஆராய்பவருக்கு அதனால் நேரடிப் பயன் அரிது. தரவு எளிதாகக் கிடைத்த காலத்தில் உலக ஆய்வாளர்கள் ட்விட்டரைப் பற்றியே அளவுக்கு மீறி எழுதினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பண்பாட்டில் எது முக்கியம் என்பதைவிட எந்த வாயில் திறந்திருக்கிறது என்பதே ஆய்வுத் தலைப்பைத் தீர்மானித்தது.

வேபேக் மெஷினுக்குள்ளும் அதே விதி வேலை செய்கிறது. அதன் ஆரம்ப ஆண்டுகளின் சேமிப்பில் பெரும்பகுதி, கேல் உடன்நிறுவிய அலெக்சா இன்டர்நெட் நிறுவனம் திரட்டி நன்கொடையாக அளித்தது. எந்தத் தளத்துக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று தரவரிசை போடுவதைத் தொழிலாகக் கொண்ட நிறுவனம் அது. இணைப்புகளைப் பின்பற்றிச் செல்லும் நிரல், பலர் இணைப்புக் கொடுத்த தளத்தை எளிதில் அடையும். ஒருவரும் இணைப்புக் கொடுக்காததை அடையாது. மைக் தெல்வாலும் லிவென் வோனும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கத் தளங்கள் இதில் நன்கு இடம்பெற்றிருக்க, சீனத் தளங்கள் மிகவும் குறைவாகவே இடம்பெற்றிருப்பதைக் காட்டியது. யாரும் வேண்டுமென்று செய்த புறக்கணிப்பு இல்லை அது. இணைப்புகளின் அமைப்பும் தளங்களின் வயதும் அப்படிக் கொண்டுபோய் நிறுத்தின. தமிழ்த் தளங்களைப் பற்றி எண்ணிக்கை அடிப்படையில் எழுத முனைபவர்கள் இதை மறக்காமல் இருப்பது நல்லது: 2003ஐச் சேர்ந்த பத்துத் தளங்கள் கிடைத்தால் அந்த ஆண்டில் பத்துத் தளங்கள் இருந்தன என்று பொருளாகாது.

பயனரே ஒரு பக்கத்தைச் சேமிக்கச் சொல்லும் 'சேவ் பேஜ் நவ்' வசதி இன்னொரு சாய்வைச் சேர்த்திருக்கிறது. மனிதர்கள் எதைச் சேமிக்கிறார்கள்? அழிந்துவிடும் என்று அஞ்சுவதை, அழிக்கப்படும் என்று எதிர்பார்ப்பதை. அரசியல்வாதியின் உளறலுக்கும் நிறுவனத்தின் மன்னிப்புக் கடிதத்துக்கும் நூறு பிரதிகள் இருக்கும். ஒரு சமையல் குறிப்புத் தளத்தில் நாள்தோறும் நடந்த அமைதியான உரையாடலுக்கு ஒன்றும் இராது. ஆயினும் முன்கூட்டியே யோசித்துச் சேமித்ததன் பலனுக்கும் சான்று உண்டு. 2014 ஜூலை 17 அன்று மலேசிய விமானம் எம்எச்17 கிழக்கு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தபோது, ஒரு விமானத்தை வீழ்த்திவிட்டதாகப் பெருமையடித்த பதிவு ஒன்று, பிரிவினைவாதத் தளபதி ஒருவரின் பெயரில் விகோன்டக்டே என்னும் ரஷ்யச் சமூக வலைத்தளத்தில் இருந்த பக்கத்தில் வெளியாகிச் சிறிது நேரத்தில் மறைந்தது. உக்ரைன் மோதலைப் பற்றிய தொகுப்புக்காக அந்தப் பக்கத்தை ஏற்கெனவே பரிந்துரைத்து வைத்திருந்ததால், பதிவு வேபேக் மெஷினில் தங்கிவிட்டது. துறை அறிந்த ஒருவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பட்டியலின் மதிப்பு இதில் தெரிகிறது. தமிழ்த் தளங்களுக்கு அப்படியொரு பட்டியலைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் தொகுத்துத் தரலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

தேடல் வசதி ஏமாற்றமளிக்கிறது. சேமித்த பக்கங்களின் உள்ளே சொல்லைப் போட்டுத் தேட முடியாது. பெரும்பாலும் முகவரி தெரிந்தால்தான் நுழைய முடியும். இதற்கு நடைமுறையில் ஒரு வழி உண்டு. பழைய இணைப்புத் தொகுப்புகளின் பிரதிகளிலிருந்து தொடங்க வேண்டும்: யாஹூவின் தள அடைவு, 2017 மார்ச்சில் மூடப்பட்ட டிமாஸ் அடைவு, தமிழுக்குத் திரட்டிகளின் பதிவர் பட்டியல்கள், பழைய வலைப்பதிவுகளின் ஓரப்பட்டையில் இருக்கும் நண்பர் இணைப்புகள். அங்கிருந்து ஒவ்வொன்றாகத் தாவினால் அந்தக் காலத்து வாசகர் நடந்த வழியிலேயே நாமும் நடக்கலாம். சொல்தேடலைவிட இதில் ஆய்வாளர் கற்பது அதிகம் என்பேன். ஆனால் குறையைக் குறை என்றே சொல்ல வேண்டும்.

சேவையின் உறுதியைப் பற்றி. 2024 அக்டோபரில் நடந்த தாக்குதலில் தளம் முடங்கியது, ஏறத்தாழ 3.1 கோடிக் கணக்குகளின் மின்னஞ்சல், பயனர்பெயர், மறையாக்கம் செய்த கடவுச்சொல் ஆகியவை வெளியேறின. வேபேக் மெஷின் சில நாள்களில் படிப்பதற்கு மட்டுமாகத் திரும்பியது; சேமித்த பக்கங்களுக்குச் சேதமில்லை. அதே ஆண்டில் கூகுள் தன் தேடல் முடிவுகளிலிருந்த, பக்கங்களைத் தானே சேமித்துக் காட்டிய 'கேஷ்' பிரதியை நீக்கிவிட்டு, வேபேக் மெஷினுக்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஒரே தூணின் மீது இவ்வளவு சுமை. இந்தியர்கள் இதை முன்பே அனுபவித்திருக்கிறார்கள்: 2017 ஆகஸ்டில், திருட்டுத் திரைப்படப் பிரதிகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட ஆணையின்படி முடக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்துகொண்டது. தளத்தின் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் பழைய பிரதிகள் பார்வையிலிருந்து நீக்கப்படலாம் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். இன்று பார்த்த சான்று நூல் அச்சாகும் நாளில் இருக்கும் என்ற உறுதியில்லை.

புதிய நெருக்கடி செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் வழியாக வந்திருக்கிறது. தம் உள்ளடக்கத்தை அந்நிறுவனங்கள் வேபேக் மெஷின் வழியாக அள்ளிச் செல்கின்றன என்று சொல்லி, 2025 ஆகஸ்டில் ரெட்டிட் தளம் முகப்பைத் தவிர மற்றவற்றைச் சேமிக்க விடப்போவதில்லை என்று அறிவித்தது. உரையாடல் இழைகள், பின்னூட்டங்கள், பயனர் பக்கங்கள் எல்லாம் வெளியே. திறந்த உரையாடலின் கடைசிப் பெருங்கூடமாக ஆங்கில உலகில் எஞ்சியிருந்தது அது. அதன் முகப்பு மட்டும் நாள்தோறும் சேமிக்கப்படுவதால், எந்தத் தலைப்புகள் மேலேறின என்று பின்னாளில் தெரியும்; மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. தமிழ்மணத்தில் நேர்ந்ததற்கு நேர் எதிரான இழப்பு.

ஆகவே யாருக்குப் பரிந்துரைக்கலாம்? தளங்களின் முகப்பு, விதிமுறை, வடிவமைப்பு, செய்தித் தளங்கள், பழைய தனிமனிதப் பக்கங்கள், வலைப்பதிவுகள் ஆகியவற்றை ஆராய்பவருக்குத் தயக்கமின்றி. 2015க்குப் பிந்தைய சமூக ஊடகப் பழக்கங்களை ஆராய்பவருக்குத் துணைக்கருவியாக மட்டும். அத்தகையோர் வெப்ரெக்கார்டர் குழுவின் ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்ற இலவச உலாவி நீட்சியையும் கற்றுக்கொள்வது நல்லது. அது பயனர் தம் கணக்கில் நுழைந்து பார்ப்பவற்றை, ஓடையை இழுப்பது உட்பட, அப்படியே பதிந்து, வலைப்பக்கங்களைச் சேமிப்பதற்கென்று உலகத் தர நிர்ணய அமைப்பு ஏற்ற வார்க் கோப்பாகத் தருகிறது. சட்டத் துறையினர் ஹார்வர்ட் சட்ட நூலகத்தின் பெர்மா சேவையை நாடுகிறார்கள். அது மேற்கோள்களுக்குப் பொருத்தம், பெரிய தொகுப்புக்கு அன்று. பொதுப் பக்கம் எதையும் வேபேக் மெஷினில் ஒன்று, தம் வன்தட்டில் ஒன்று என இரு பிரதியாக வைத்துக்கொண்டால், நீக்கமோ முடக்கமோ வந்தாலும் ஆய்வு நிற்காது. கணக்கின் வழியே பதிந்தவற்றில் பிறருடைய தனிப்பட்ட பேச்சும் சேர்ந்து வருவதால் அவற்றைப் பொதுவில் ஏற்றக் கூடாது. மேலும் அந்தப் பதிவு ஒரு குறிப்பிட்ட கணக்குக்கு அந்தத் தளம் காட்டியது மட்டுமே என்பதால், எந்த வயதுக் கணக்கு, எந்த ஊர், எந்த மொழி அமைப்பு, கைபேசியா கணினியா என்ற விவரங்களைக் கோப்போடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும்.